மாமியாரோடு கல்லூரி தேடியவள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் லேப் அக்கா. பிள்ளைகள் மட்டுமல்ல, அவளைவிட இருபது வயது மூத்த வேதியியல் டீச்சரும் அப்படித்தான் கூப்பிடுவார். காலையில் ஆய்வகத்தைத் திறந்து ஜன்னல்களைத் தள்ளிவிடுவாள். மேசைக்கு மேசை ப்யூரெட் என்ற அளவுக் கண்ணாடிக் குழாயைத் தாங்கியில் மாட்டுவாள். கரைசல்களைக் கலந்து குப்பிகளில் ஊற்றிப் பெயர் ஒட்டி வைப்பாள். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் போட்டது போட்டபடி ஓடிவிடுவார்கள். எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து, உடைந்ததைப் பொறுக்கி, யாரோ மறந்துவிட்டுப் போன பேனாவை மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். பேச்சு குறைவு. அதட்டத் தெரியாது. அதனாலேயே பிள்ளைகளுக்கு அவளிடம் செல்லம் அதிகம்.

வீட்டில் அவளும் அவளுடைய மாமியாரும் மட்டும்தான். இதைக் கேட்பவர்கள், "அப்போ புருஷன்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்பார்கள். புருஷன் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டான். சண்டை, சத்தம் எதுவும் இல்லை. முதலில் மாதம் ஒரு தடவை வந்தான், பிறகு பண்டிகைக்கு வந்தான், பிறகு தொலைபேசியில் வந்தான், பிறகு வக்கீல் காகிதத்தில் வந்தான். எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஒரு தடவை காரை எடுத்துக்கொண்டு வந்தான், அம்மாவைக் கூட்டிப்போக.

மாமியார் அப்போது தையல் மெஷினில் உட்கார்ந்து யாருடைய கால்சட்டைக்கோ ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துக்குக் கால்சட்டை நீளம் குறைப்பது, இடுப்புப் பிடித்துத் தருவது, ஜிப் மாற்றுவது எல்லாம் அவள்தான். மகன் பெட்டியை எங்கே என்று கேட்டான். மாமியார் தலையைத் தூக்காமலே, "நான் வரலைப்பா. இந்த மெஷின் வாசல்ல நுழையாது" என்றாள். அந்த மெஷின் உள்ளே வந்தது எந்த வாசல் வழியாக என்று அவனும் கேட்கவில்லை. மருமகளும் இன்றுவரை கேட்கவில்லை. கார் போய்விட்டது. இரண்டு பெண்களும் அன்று ராத்திரி எப்போதும் போலச் சாப்பிட்டுப் படுத்தார்கள். இடையில் பேரப்பிள்ளை என்று ஒன்று இருந்திருந்தால், அதற்காகத் தங்கினாள் என்று ஊர் சொல்லியிருக்கும். அதுவும் இல்லை. தங்கினாள், அவ்வளவுதான்.

லேப் அக்கா கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தவள். இரண்டு வருடம் முடித்திருந்தபோது கல்யாணம் நடந்தது. மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த 'அப்புறம்' பதினைந்து வருடம் இழுத்துவிட்டது.

ஒருநாள் வேதியியல் டீச்சர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஆய்வகப் பயிற்சியாளர் என்று ஒரு பதவி வரப்போகிறதாம். அந்தப் பதவிக்கு வருபவரே செய்முறை வகுப்பை நடத்தலாம். பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம், மதிப்பெண் போடலாம். சம்பளமும் ஒன்றரை மடங்கு.

"பட்டம் வேணும்கிறாங்க, லேப் அக்கா. நீங்கதான் ரெண்டு வருஷம் படிச்சிருக்கீங்களே. இப்பல்லாம் பழைய பாடத்துக்குக் கிரெடிட் குடுத்து, விட்ட இடத்துலேருந்து சேர்த்துக்கிறாங்க. விசாரிச்சுப் பாருங்க."

அதாவது, முன்னே தேறிய ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை புள்ளி என்று கணக்கு. புதிய கல்லூரி அவற்றில் எத்தனையை ஏற்றுக்கொள்கிறதோ அத்தனை பாடத்தை மறுபடி படிக்க வேண்டாம். விஷயம் எளிதுதான். ஆனால் எந்தக் கல்லூரி எத்தனையை ஏற்கும், எவ்வளவு கட்டணம் கேட்கும் என்பதுதான் இடத்துக்கு ஒரு மாதிரி.

அவள் இதை வீட்டில் சொல்லாமல் மூன்று நாள் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதில் கல்லூரியா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் டீச்சரின் மகளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பது மாமியார்தான். அளவு கொடுக்க வந்த பெண், போகிற போக்கில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மாலை லேப் அக்கா செருப்பைக் கழற்றுமுன்னே மாமியார் ஆரம்பித்தாள். "ஏன்டி, ஊருக்கெல்லாம் தெரியுது, ஒரே கூரைக்குள்ள இருக்கிற எனக்குத் தெரியல. நான் என்ன வேத்தாளா?"

"இல்ல அத்தை... செலவு நிறைய ஆகும். வயசும்..."

"வயசைப் பத்தி என்கிட்ட பேசாத. செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குறவங்க நாம. காலேஜுக்கும் நாலு இடம் ஏறி இறங்குவோம். சனிக்கிழமை லீவுதானே?"

"நீங்களுமா வர்றீங்க?"

"பின்ன? உன்னைத் தனியா விட்டா, அவனவன் சொன்னதுக்கெல்லாம் தலையை ஆட்டிட்டு வந்துடுவ."

அதில் உண்மை இருந்ததால் லேப் அக்கா மறுத்துப் பேசவில்லை.

முதலில் பழைய கல்லூரியிலிருந்து மதிப்பெண் சான்றும் அப்போதைய பாடத்திட்டமும் வரவேண்டியிருந்தது. லேப் அக்கா இரண்டு தடவை தொலைபேசி செய்து, "பார்க்கிறோம்" என்ற பதிலை வாங்கி வைத்திருந்தாள். மாமியார் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். தினமும் காலை மெஷினுக்கு எண்ணெய் விட்டதும் அந்த அலுவலகத்துக்கு ஒரு அழைப்பு. "வணக்கம் தம்பி, நான்தான். சாப்பிட்டாச்சா? எங்க பொண்ணு காகிதம் என்னாச்சு?" கொஞ்ச நாளில் அந்தக் குமாஸ்தாவுக்கு இவள் குரல் பழகிவிட்டது. அவன் பையனுக்குச் சளி என்பதுவரை இவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு காலை அவனே கூப்பிட்டு, "அம்மா, அனுப்பிட்டேன். நாளையிலேருந்து நீங்க கூப்பிட வேண்டாம்" என்றான். அடுத்த நாளும் கூப்பிட்டாள், நன்றி சொல்ல.

காகிதம் கைக்கு வந்த வாரச் சனிக்கிழமை இருவரும் நகரத்தின் பெரிய கல்லூரிக்குப் போனார்கள். பெயர் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்த இடம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் காகிதங்களைப் பொறுமையாகப் பார்த்தாள். கணினியில் எதையெதையோ ஒப்பிட்டாள். பிறகு, படித்த இருபது பாடத்தில் ஒன்பதுதான் ஏற்க முடியும் என்றாள்.

கண்ணாடியில் இருந்த ஓட்டையில் மாமியார் வாயை வைத்தாள். "ஒன்பதா? அப்ப மீதிப் பதினொண்ணு? அதையும் அவதானே படிச்சா?"

"பாடத்திட்டம் நிறைய மாறிடுச்சும்மா. எங்க பாடத்தோட ஒத்துப்போறதைத்தான் எடுத்துக்க முடியும்."

"அணு மாறிடுச்சா? தண்ணி மாறிடுச்சா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ஆனால் ஒன்பது ஒன்பதாகவே இருந்தது. படித்ததில் பாதிக்கு மேல் மறுபடி படிக்க வேண்டும், அதுவும் பகல் வகுப்பில். வேலையை விட்டால்தான் முடியும். கட்டணத்தைக் கேட்டதும் மாமியார் ஓட்டையிலிருந்து வாயை எடுத்துவிட்டாள். திரும்பி நடக்கும்போது, "கட்டடம் பெருசு, அதான் காசும் பெருசு" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த இடத்தைப் பற்றிப் பேருந்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் மாமியாரே பார்த்தாள். ஒரு செருப்புக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்ததும் குளுகுளுவென்று காற்று. அமுங்கும் சோபா. உட்கார்ந்த மாத்திரத்தில் இரண்டு கண்ணாடித் தம்ளரில் பழச்சாறு வந்தது. கழுத்துப்பட்டி கட்டிய ஒரு இளைஞன் மாமியாரைப் பார்த்து, "வாங்கம்மா, படியேறி வந்தது கஷ்டமா இருந்ததா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியிலேயே மாமியார் கவிழ்ந்துவிட்டாள்.

"மேடம், உங்க இருபது பாடத்தையும் நாங்க ஏத்துக்கிறோம். பன்னிரண்டு வருஷ வேலை அனுபவத்துக்குக்கூட கிரெடிட் உண்டு. ஒரே வருஷம். நீங்க இங்க வரவே வேண்டாம்."

மாமியார் மருமகளின் தொடையில் லேசாக இடித்தாள். கேட்டாயா என்று அர்த்தம்.

லேப் அக்கா தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். "லேப் எங்க இருக்கு?"

"லேப் எல்லாம் வீடியோ மேடம். வீட்டுல உட்கார்ந்தே பார்த்துக்கலாம்."

"இந்தப் பட்டத்தைப் பள்ளிக்கூட வேலைக்கு ஏத்துக்குவாங்களா?"

"பெரும்பாலும் ஏத்துக்குவாங்க."

அந்தப் 'பெரும்பாலும்' அவள் காதில் கல் மாதிரி விழுந்தது. எங்கே ஏற்கவில்லை என்று கேட்டாள். அவன் அதற்குப் பதில் சொல்லாமல், இன்றைக்கே முன்பணம் கட்டினால் கால்வாசிக் கட்டணம் தள்ளுபடி, நாளைக்குக் கிடையாது என்றான். அதற்குள் மாமியாரின் கை பைக்குள் போயிருந்தது. ஜிப்பும் இடுப்பும் தைத்துச் சேர்த்த பணத்தை அவள் கையோடு எடுத்து வந்திருந்தது அப்போதுதான் மருமகளுக்குத் தெரிந்தது.

"வேண்டாம் அத்தை."

"என்ன வேண்டாம்? தம்பிதான் இவ்வளவு தூரம் சொல்லுதே."

"வேண்டாம். எழுந்திருங்க, போலாம்."

இத்தனை வருடத்தில் மாமியார் சொன்ன எதற்கும் அவள் இல்லை என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வந்ததில்லை. இப்போது ஒரு அந்நியன் முன்னால், குளிர்காற்றில், மாமியாரின் கை பைக்குள் இருக்கும்போது சொல்லிவிட்டாள். மாமியாரின் முகத்தில் ஈயாடவில்லை. பையை மூடினாள். மீதிப் பழச்சாற்றைக் குடிக்காமலே படியிறங்கினாள்.

பேருந்தில் பக்கத்தில் இடம் இருந்தும் மாமியார் நாலு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தாள். வீட்டில் இரண்டு நாள் மெஷின் மட்டும் பேசியது. சாதாரணமாகத் தாலாட்டு மாதிரி ஓடுகிற அந்த மெஷின், அந்த இரண்டு நாளும் தடதடவென்று ரயில் மாதிரி ஓடியது. தட்டு வைத்தால் சாப்பிட்டாள். கூப்பிட்டால் திரும்பினாள். பேசவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் லேப் அக்கா மெஷினுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, வெட்டிப் போட்ட நூல்களைப் பொறுக்கத் தொடங்கினாள். பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "என்மேல என்ன கோவம்னு சொல்லிட்டுத் தையுங்க அத்தை."

மெஷின் நின்றது. மாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒரே வருஷம்னான்டி அவன். நீ அதைக் காதுல வாங்கினியா? அந்தப் பெரிய காலேஜுன்னா ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும். எனக்கு அறுபத்தெட்டு. படியேறினா மூச்சு வாங்குது. என் கண்ணு தெரியும்போதே நீ ஒரு நிலைக்கு வந்துடணும். நான் போனதுக்கப்புறம் உனக்குன்னு யாரு இருக்கா, சொல்லு? வேலையாவது நல்லதா இருக்க வேண்டாமா?"

கோபத்துக்கு இப்படி ஒரு வேர் இருக்கும் என்று லேப் அக்கா நினைத்திருக்கவில்லை. நூல்களை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பட்டத்தை நாளைக்கு எவனாவது செல்லாதுன்னு சொல்லிட்டா, உங்க கண்ணெதிர்லயே நான் மறுபடி கண்ணாடிக் குழாய் கழுவிக்கிட்டு இருப்பேன். அதைப் பார்க்கத்தான் உங்களுக்கு மனசு வருமா? அதுவும் உங்க காசுல?"

மாமியார் கண்ணாடியை முந்தானையில் துடைத்தாள்.

"அப்புறம் இன்னொண்ணு அத்தை. எனக்குப் படிக்கணும். காகிதம் மட்டும் போதும்னா அங்கேயே கட்டியிருப்பேன். எனக்கு நின்னு செஞ்சு பார்க்கணும்."

"இதை அன்னிக்கே பஸ்ல சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கதான் நாலு சீட்டு தள்ளிப் போயிட்டீங்களே."

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க மூக்கை உறிஞ்சினாள். "அந்த ஜூஸை வீணாக்கிட்டு வந்தோமே, அதுதான் எனக்கு இன்னும் ஆறல" என்றாள்.

மூன்றாவது கல்லூரியைச் சொன்னவர் வேதியியல் டீச்சர்தான். நகரத்தின் அந்தக் கோடியில், இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய அரசு மாலைக் கல்லூரி. வேலைக்குப் போகிறவர்களுக்காகவே நடப்பது. சுவரில் சாயம் உரிந்திருந்தது. உட்காரக் கொடுத்த நாற்காலி ஒரு பக்கம் ஆடியது. மாமியார் அந்த நாற்காலியைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

துறைத் தலைவி ஜலதோஷத்தோடு வந்தாள். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே பழைய பாடத்திட்டத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தாள். யாரும் அதை அவ்வளவு நேரம் படித்ததில்லை. நடுநடுவே கேள்வி கேட்டாள். எந்தப் புத்தகம் வைத்துப் படித்தீர்கள்? செய்முறைக்கு வாரம் எத்தனை மணி நேரம்? லேப் அக்கா முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பிறகு தயக்கம் போனது. இயற்பியலில் ஒரு தாளில் தேறவில்லை, அதைத் திருப்பி எழுதவே இல்லை என்பதையும் அவளாகவே சொன்னாள்.

மாமியார் குறுக்கிட்டாள். "ஒண்ணுதாங்க. மத்ததெல்லாம் நல்ல மார்க்."

துறைத் தலைவி நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க அம்மாவா?"

"இவளோட மாமியார்."

"பையன் வரலையா?"

"அவன் இப்ப இவளுக்கு ஒண்ணும் இல்லீங்க. எனக்குத்தான் மகன்."

துறைத் தலைவி அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவள் போல ஒரு கணம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளே எழுந்து போய் ஆடாத ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து மாமியாருக்குப் போட்டாள்.

பதினான்கு பாடங்களை ஏற்றுக்கொண்டார்கள். செய்முறையை மட்டும் முழுவதும் திரும்பச் செய்ய வேண்டும், அதில் சலுகை கிடையாது. இரண்டு வருடம், வாரத்தில் நாலு மாலை. கட்டணம் பெரிய கல்லூரியில் கேட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தவணையில் கட்டலாம். முதல் தவணையை லேப் அக்கா தன் சம்பளத்தில் கட்டினாள். இரண்டாவதை மாமியார் பிடிவாதமாகக் கட்டினாள்.

முதல் செய்முறை வகுப்பன்று ஒன்று நடந்தது. வகுப்பில் ஒரு டாக்சி ஓட்டுநர், இரண்டு நர்சுகள், மருந்துக்கடைக்காரர் ஒருவர், எல்லோரும் அவரவர் வேலைக் களைப்போடு வந்திருந்தார்கள். லேப் அக்கா தன் மேசைக்குப் போனாள். ப்யூரெட் தாங்கியில் மாட்டியிருந்தது. குப்பிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருந்தது. குடுவை துடைத்து வைத்திருந்தது. பன்னிரண்டு வருடம் பிறருக்கு எடுத்து வைத்தவளுக்கு இன்றைக்கு யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். அவள் எதையும் தொடாமல் நின்றாள். பக்கத்து நர்ஸ், "என்னக்கா, பயமா இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். மூலையில் தொட்டியருகே பழைய துணியோடு நின்ற ஆய்வக உதவியாளரிடம் போய், "நீங்களா எல்லாம் வச்சீங்க? ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். அவர் ஏதோ குறை சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து முதலில் விழித்தார்.

அன்று கரைசலின் நிறம் மாறவேண்டிய புள்ளியைத் தாண்டிவிட்டாள். இரண்டாவது தடவையும் தாண்டியது. பிறர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு, தன் விரலால் குழாயைத் திறந்து மூடுவது வேறு. மூன்றாவது தடவை ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு வந்து நின்றது. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "நின்னுச்சில்ல, அது போதும்" என்றாள்.

எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. பள்ளியில் அந்தப் பதவிக்கு அந்த வருடமே வேறொருவரை எடுத்துவிட்டார்கள். லேப் அக்கா இரண்டு நாள் சுருண்டு கிடந்தாள். கல்லூரிக்கும் போகவில்லை. மூன்றாம் நாள் மாலை மாமியார் வாசலில் அவளுடைய செருப்பை எடுத்து வைத்து, தானும் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். "வா, உன்னை விட்டுட்டு வர்றேன். தவணை கட்டினது என் காசு. எனக்குப் பதில் சொல்லு." இரண்டு பேருந்து மாறி, கல்லூரி வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, தனியாகத் திரும்பி வந்தாள். அதன்பின் லேப் அக்கா ஒரு வகுப்பையும் விடவில்லை. விட்டுப்போன இயற்பியல் தாளில் மட்டும் இன்னொரு தடவை விழுந்து, அதற்கடுத்த தடவை எழுந்தாள்.

பட்டமளிப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. மாமியார் மூன்றாவது வரிசையில் இடம் பிடித்திருந்தாள். உரைகள் நீண்டுகொண்டே போயின. இரண்டாவது உரையின் நடுவில் அவள் தலை சாய்ந்து தூங்கிவிட்டாள். திடீரென்று விழிப்பு வந்தபோது மேடையில் கறுப்பங்கி போட்ட யாரோ கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். தன் மருமகள்தான் என்று எழுந்து நின்று, உள்ளங்கை சிவக்கக் கை தட்டினாள். அது அந்த டாக்சி ஓட்டுநர். லேப் அக்கா அதற்கு முன்னாலேயே மேடையேறி இறங்கிவிட்டிருந்தாள்.

வெளியே மரத்தடியில் மாமியார் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "பார்க்காம விட்டுட்டேன்டி. தூங்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

லேப் அக்கா அங்கியைக் கழற்றி மாமியாரின் தோளில் போர்த்தி, தொப்பியையும் தலையில் வைத்தாள். "இப்ப பாருங்க."

"அடி போடி, பைத்தியம்! யாராவது பார்க்கப் போறாங்க."

அந்த நேரத்தில் டாக்சி ஓட்டுநர் அவர்களைத் தேடிக்கொண்டு வந்தார். அவருடைய வீட்டிலிருந்து யாரும் வந்திருக்கவில்லையாம். "எனக்கு எழுந்து நின்னு தட்டினது நீங்கதானேம்மா?" என்று கேட்டார். மாமியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஆமாப்பா, நல்லா படிச்சியாமே, இவ சொன்னா" என்றாள். அவர் இருவரையும் தம் வண்டியிலேயே வீட்டில் கொண்டுவந்து விட்டார். வழி நெடுக மாமியார் முன்சீட்டில் உட்கார்ந்து அவருக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தாள். பாதி இடத்தில் தவறான வழிதான். அவரும் மறுக்காமல் திருப்பித் திருப்பி ஓட்டினார்.

அடுத்த கல்வியாண்டில் லேப் அக்காவுக்கு வேறொரு பள்ளியில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்தான். அங்கே பிள்ளைகள் அவளை மிஸ் என்று கூப்பிடுகிறார்கள். மத்தியானம் மணியடித்தால் வீட்டுக்கு வந்து மாமியாரோடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகிறாள்.